குளங்காவலன் இரவு

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



'சங்க இலக்கியத்தில் மழை' என்னும் பொருளில் உரையாற்றுமாறு செயலாளர் அவர்கள் என்னைப் பணித்தார்கள். நானும் இசைந்தேன். ஆயின் குறிப்பெடுக்க அமர்ந்தபொழுது எழுதுகோல் வேறு பக்கம் சென்றுவிட்டது. மழையைப் பற்றிப் பேச வந்தவள் மதகைப் பற்றிப் பேசப் போகின்றேன். மாதவரத்தில் கூடியுள்ள அவைக்கு இப்பொருள் அயலானது அன்று என்ற துணிவே காரணம். அவையிலுள்ள பலருடைய வீட்டுச் சுவரில் இரண்டு ஆண்டுகட்கு முந்தைய நீர்க்கறை இன்னும் இருக்கின்றது. சிலர் அதன்மேல் வண்ணம் பூசி மறைத்திருக்கின்றீர்கள், அவ்வளவே.

முதலில் ஒரு பாடல். அகநானூற்றின் 252ஆம் பாட்டு. பாடியவர் நக்கண்ணையார் என்னும் பெண்பாற் புலவர். குறிஞ்சித் திணை, இரவுக்குறி பற்றியது. அப்பாட்டிலே, மகளைக் காத்து உறங்காதிருக்கும் தாய்க்கு ஓர் உவமை வருகின்றது. மழைக்காலத்து இரவில் பெரிய குளத்தைக் காப்பவன் எவ்வாறு உறக்கமின்றி இருப்பானோ, அவ்வாறு அன்னையும் இருக்கின்றாள் என்பது பொருள். என் முனைவர் பட்ட ஆய்வு அகநானூற்று உவமைகளைப் பற்றியது. ஆதலின் இவ்வுவமை எனக்கு மிகப் பழகியது. வினை, பயன், மெய், உரு என்று தொல்காப்பியர் வகுத்த நான்கனுள் இதனை 'வினை' என்ற பெட்டியில் இட்டு, அட்டையில் எண் எழுதி, நூலைக் கட்டியும் முடித்தேன். உறங்காமை என்பதே ஒத்த வினை. அதற்குமேல் நான் எண்ணவில்லை, நெறியாளரும் கேட்கவில்லை, புறத்தேர்வாளரும் கேட்கவில்லை.

கேட்டவள் ஒரு மாணவி. இளங்கலை இரண்டாம் ஆண்டு. வடபெரும்பாக்கத்துப் பக்கமிருந்து வருபவள். வகுப்பில் நான் இப்பாட்டை விளக்கி முடித்ததும் எழுந்து, "அம்மா, அந்தக் காவலன் விழித்திருந்து என்ன செய்வான்?" என்று வினவினாள். "கரையைக் காப்பான்" என்றேன். "எப்படி?" என்றாள். மணி அடித்தது. மணி அடித்தமைக்காக நான் அன்று மகிழ்ந்தேன் என்பதை இவ்வவையில் மறைக்க விரும்பவில்லை.

அவ்வினாவுக்கு விடை தேடிச் சென்ற கதையே இன்றைய உரை.

ஏரி என்றால் நம்மில் பலர்க்கும் கரையும் நீரும்தான் நினைவுக்கு வரும். உண்மையில் அதற்கு மூன்று வாயில்கள் உண்டு. நீர் வரும் வழி வரத்துக்கால். பாசனத்துக்கு நீர் செல்லும் வழி மதகு. நிறைந்தபின் மிகுதி வெளியேறும் வழி கலிங்கு. நம் வடமாவட்டத்தார் கலங்கல் என்பர். கலங்கல் என்பது குறித்த உயரத்தில் நிற்கும் கற்சுவர். நீர் அவ்வுயரத்தை எட்டியதும் தானே வழிந்தோடும். ஒருவரும் திறக்க வேண்டியதில்லை. இவ்வளவோடு நின்றிருந்தால் காவலனுக்கு வேலையே இராது. ஆனால் உழவனின் ஆசை கற்சுவரோடு நிற்கவில்லை. கலங்கலின்மேல் வரிசையாகக் குத்துக்கற்களை நட்டான். ஐப்பசியில் ஏரி நிரம்பும் வேளையில் அக்கற்களின் இடையே களிமண்ணும் புல்கரணையும் வைத்து அடைத்து, இன்னும் ஓரடி, ஒன்றரை அடி நீரைத் தேக்கினான். அந்த ஓரடியில்தான் பல காணி நிலத்தின் தைமாத விளைச்சல் இருந்தது.

பெருமழை இரவில் அந்த அடைப்பை எப்பொழுது நீக்குவது? இதுவே காவலனின் சிக்கல். விரைந்து நீக்கிவிட்டு மழை நின்றுபோனால், ஊர் அவனை ஆண்டு முழுவதும் ஏசும். தாழ்த்து நீக்கினால் கரை போகும். கரை போனால் ஏசுவதற்கு ஊரே இராது. நம் செங்கற்பட்டுப் பகுதியில் நீர் பாய்ச்சுவோனைக் கம்புகட்டி என்பர். தென்மாவட்டங்களில் நீர்க்கட்டி என்பர். தீர்ப்பு வழங்கும் பொறுப்பு, ஊர்ப் படிநிலையில் தாழ வைக்கப்பட்ட இவ்வெளிய மனிதன் தலையில் இருந்தது.

என் மாணவியின் பாட்டனார் அரசுப் பணியில் ஏரியொன்றில் லஸ்கராக இருந்து ஓய்வு பெற்றவர். மதகுகளையும் அடைப்புப் பலகைகளையும் இயக்கும் கடைநிலை ஊழியர்க்கு இன்றும் அதுவே பெயர். அவரைச் சென்று கண்டேன். "ஐயா, மழை இரவில் என்ன செய்வீர்கள்?" என்று கேட்டேன். எலி வளை, நண்டு வளை பார்ப்பது, கரையின் வெளிப்புறம் கசிவு தெரிகின்றதா என்று நோக்குவது, கசிந்தால் வைக்கோலும் தழையும் மண்ணும் இட்டு அடைப்பது, அலை மோதி அரிக்கும் இடத்தில் முட்புதரை வெட்டிப் போடுவது என்று பலவும் சொல்லிக்கொண்டே வந்தவர், இடையில் நிறுத்தி, "ராத்திரியில அளவுகோல் தெரியாதும்மா, டார்ச் அடிச்சிப் பாக்கணும். கரை காதுலதான் தெரியும்" என்றார். கசியும் நீருக்கும் வழியும் நீருக்கும் ஓசை வேறாம். அதைக் கேட்பதற்கு மழையின் ஓசையைக் காதிலிருந்து விலக்கப் பழக வேண்டுமாம்.

நக்கண்ணையாரின் உவமை அன்றுதான் எனக்குத் திறந்தது. மகளின் காலடியோசையை மழையோசையினின்று பிரித்துக் கேட்க முயலும் தாய்க்கு இதைக்காட்டிலும் பொருந்திய உவமை உண்டோ? உறங்காமை மட்டும் ஒப்புமை அன்று. கூர்ந்து கேட்டலும் ஒப்புமை. இன்னும் ஒன்று. தாய் அடைக்கத்தான் அறிவாள். குளங்காவலனோ அடைக்கவும் வேண்டும், திறக்கவும் வேண்டும். அடைத்தே வைத்தால் என்ன ஆகும் என்பதைப் புலவர் சொல்லாமல் விட்டிருக்கின்றார்; அது தலைவியின் நெஞ்சில் நிறைவதைப் பற்றிய குறிப்பு என்றே இப்பொழுது படிக்கின்றேன். என் ஆய்வேட்டின் அந்தப் பக்கத்தை மீண்டும் எழுத வேண்டும்.

புறநானூற்றின் 118ஆம் பாட்டையும் இதனோடு வைத்து நோக்குக. பாரி மறைந்தபின் பறம்பைக் கண்டு கபிலர் பாடியது. எட்டாம் நாள் பிறைபோல் வளைந்த கரையுடைய சிறுகுளம் காப்பாரின்றி உடைவதைச் சொல்கின்றார். கையறுநிலைப் பாட்டிலே, மன்னன் இல்லை என்பதைச் சொல்ல அரண்மனையைக் காட்டவில்லை, குளக்கரையைக் காட்டினார். காவல் என்ற சொல் தமிழில் எங்கே வேர் கொண்டுள்ளது என்பதற்கு இது சான்று.

இனி நம் ஊருக்கு வருவோம். மாதவரத்துக்கு மேற்கே புழலேரி, தென்மேற்கே இரட்டையேரி, வடக்கே கொசத்தலையாறு. தொண்டைமண்டலத்து இருபத்துநான்கு கோட்டங்களுள் புழற்கோட்டமும் ஒன்று. கல்வெட்டுகளில் திருவொற்றியூர் இக்கோட்டத்தைச் சேர்ந்ததாகவே வரும். கோட்டத்துக்கே பெயர் தந்த ஊரின் ஏரி, பத்தொன்பதாம் நூற்றாண்டில் சென்னையின் குடிநீருக்காக எடுத்துக்கொள்ளப்பட்டது. ஃபிரேசர் என்னும் பொறியாளர் 1866இல் கருத்துரைத்த திட்டம் 1872இல் நிறைவேறிற்று. கொசத்தலையாற்று நீரைத் தாமரைப்பாக்கத்தில் மறித்துச் சோழவரத்துக்கும், அங்கிருந்து புழலுக்கும், புழலிலிருந்து நகருக்கும் கொண்டு சென்றார்கள். பின்னர், சென்னை மேயராக விளங்கிய தீரர் சத்தியமூர்த்தி பூண்டி நீர்த்தேக்கத்துக்காகப் பாடுபட்டார். 1944இல் அது திறக்கப்பட்டபொழுது அவர் உயிரோடு இல்லை. முந்தைய ஆண்டே மறைந்துவிட்டார். அவர் பெயரையே அதற்கு இட்டார்கள்.

இன்று பூண்டி 3,231 மில்லியன் கனஅடி, சோழவரம் 1,081, புழல் 3,300, செம்பரம்பாக்கம் 3,645, தேர்வாய் கண்டிகை 500. ஆக ஐந்தும் சேர்ந்து 11,757 மில்லியன் கனஅடி கொள்ளும். இவற்றுள் எதுவும் வெள்ளத்தைத் தடுப்பதற்கென்று வைக்கப்படவில்லை. நகரின் தாகம் தீர்க்கவே வைக்கப்பட்டவை. இதனை நாம் மறந்துவிட்டு, மழை வரும்பொழுதெல்லாம் 'ஏன் முன்பே திறந்து வைக்கவில்லை?' என்று கேட்கின்றோம். கோடை வந்தால் 'ஏன் தேக்கி வைக்கவில்லை?' என்றும் கேட்கின்றோம். 2019 கோடையில் ஏரிகள் வறண்டு, சூலை மாதத்தில் சோலையார்பேட்டையிலிருந்து தொடர்வண்டியில் நீர் வந்ததை நாம் பார்த்தோம். குடங்களோடு வரிசையில் நின்றபொழுது, வண்டியில் நீர் கொண்டு வருவதைப் பற்றி நம் வட்டத்தில் ஒரு வெண்பாப் போட்டியே நடந்தது. புழலின் தரை வெடித்துக் கிடந்த நிழற்படம் நாளேடுகளில் வந்த அதே இடத்தில், நான்கே ஆண்டுகளில், கரை தாங்குமா என்று அஞ்சினோம்.

ஆகவே இன்றைய பொறியாளரின் சிக்கலும் கம்புகட்டியின் சிக்கலே. அளவு மட்டும் பெருகிவிட்டது. ஒரு கணக்குச் சொல்கின்றேன். தமிழாசிரியை கணக்குச் சொல்வதைப் பொறுத்தருள்க. ஓர் ஏரியில் இன்னும் 500 மில்லியன் கனஅடிக்கு இடமிருக்கின்றது என்று கொள்வோம். கேட்பதற்கு அது பேரளவாகத் தோன்றும். விநாடிக்கு 10,000 கனஅடி நீர் வரத் தொடங்கினால் ஏறத்தாழப் பதினான்கு மணி நேரத்தில் அவ்விடம் தீர்ந்துவிடும். மாலையில் உணவு கொள்ளும்பொழுது பாதுகாப்பாக இருந்த ஏரி, மறுநாள் காலைச் சிற்றுண்டிக்குள் ததும்பும். முன்கூட்டியே சிறிது சிறிதாகத் திறந்துகொண்டு வந்தால் கீழ்நிலத்துக்குத் தொல்லை குறைவு. ஆனால் வானிலை அறிக்கை பொய்த்தால் நகரின் ஒரு மாதக் குடிநீர் கடலுக்குப் போய்விடும். கடைசி வரையில் தேக்கிவிட்டு மொத்தமாகத் திறந்தால் ஏரி தப்பும். ஆற்றோரத்தார் தப்ப மாட்டார்கள்.

2015இல் நேர்ந்தது அதுவே. டிசம்பர் 2 காலையோடு முடிந்த இருபத்துநான்கு மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டரும் செம்பரம்பாக்கத்தில் 47 சென்டிமீட்டரும் மழை பதிவாயிற்று. செம்பரம்பாக்கத்திலிருந்து 29,000 கனஅடி வரை திறக்கப்பட்ட நீர் அடையாற்றின் இருகரையையும் விழுங்கிற்று. எவர் ஆணைக்காக எவ்வளவு நேரம் காத்திருந்தார்கள் என்பது பெரும் வழக்காயிற்று. 2018இல் சட்டமன்றத்தில் வைக்கப்பட்ட இந்தியத் தணிக்கைத் துறைத் தலைவரின் அறிக்கை அதனை மனிதரால் நேர்ந்த பேரிடர் என்றே குறித்தது. அவ்வாண்டு ஆவணியில்தான் நம் வட்டம் பிறந்தது. டிசம்பர் மாதக் கூட்டம் நடைபெறவில்லை. பதிவேட்டில் அந்தப் பக்கத்தை நம் நிறுவனர் வெறுமையாக விட்டு, 'வெள்ளம்' என்ற ஒரு சொல்லை மட்டும் எழுதினார்.

மறு ஆண்டு நாம் வெளியிட்ட சிறு தொகுப்பை அண்மையில் எடுத்துப் படித்தேன். வெள்ளம் பற்றிய கவிதைகள் மிகுதி. வானம் அழுதது, மேகம் பழிவாங்கியது, மழைத்தாய் சினந்தாள், இயற்கை சீறியது. ஒரு கவிதையிலும் மதகு இல்லை. திறப்பு இல்லை. ஆணை இல்லை. நேரம் இல்லை. அந்தத் தொகுப்பில் என் கவிதையும் உண்டு. அதில் முகில் ஏழு முறை வருகின்றது. கவிஞர் பெருமக்கள் சினவற்க. குற்றவாளியைக் கண்டுபிடிக்க வேண்டியது கவிதையின் பணி அன்று என்பதை அறிவேன். ஆயினும், வானத்தைக் குற்றவாளியாக்குவதும் ஒரு தீர்ப்புத்தானே?

நம் மரபு வெள்ளத்தைக் கொண்டாடிய மரபு. பரிபாடல் வையையின் புதுப்புனலை விழாவாக்கிற்று. கம்பர் தம் காப்பியத்தை ஆற்றுப் படலத்தோடு தொடங்கினார். முக்கூடற்பள்ளு வெள்ள வரவைப் பாடாமல் நகரவில்லை. அவர்கள் பாடிய வெள்ளம் வயலில் பரந்தது. வண்டலை விட்டுச் சென்றது. அப்பாடல்களின் சொல்வளத்தைக் கடன் வாங்கி, தெருவில் நின்று மூன்று நாள் அழுகும் நீரைப் பாடும்பொழுது சொல் பொருந்தாமல் வழுக்குகின்றது. நாம் 'புனல்' என்று எழுதிய நீரில் என்னவெல்லாம் மிதந்தன என்பதை அவையினர் அறிவர்.

2023க்கு வருகின்றேன். மிக்ஜாம் புயல் டிசம்பர் 5ஆம் நாள் ஆந்திரத்துப் பாபட்லா அருகே கரை கடந்தது. அதற்கு முன் 3, 4 ஆகிய நாட்களில் சென்னைக் கடலோரம் மெல்ல நகர்ந்து, தன் சுமையை நம்மேல் இறக்கிவிட்டுச் சென்றது. மெல்ல நகர்ந்ததே கேடாயிற்று. விரைந்து செல்லும் புயல் மரத்தை முறிக்கும். தயங்கிச் செல்லும் புயல் ஏரியை நிரப்பும்.

புழலின் மிகுதிநீர் ஏறத்தாழப் பதின்மூன்று கிலோமீட்டர் கால்வாய் வழியே நாரவாரிக்குப்பம், கிராண்ட்லைன், வடகரை, வடபெரும்பாக்கம், மஞ்சம்பாக்கம், கொசப்பூர், மணலி, சடையான்குப்பம் என்று சென்று எண்ணூர்க் கழிமுகத்தில் சேர்கின்றது. பூண்டியின் மிகுதி கொசத்தலையாற்றில் வந்து மணலி புதுநகரையும் சடையான்குப்பத்தையும் தொட்டு அதே கழிமுகத்தை அடைகின்றது. பக்கிங்காம் கால்வாயும் அங்கேதான் வருகின்றது. இத்தனை நீரும் சேரும் எண்ணூர் முகத்துவாரமோ மணல் மேடிட்டும், அனல்மின் நிலையச் சாம்பல் படிந்தும் குறுகியது. கடலில் ஓதம் ஏறியிருக்கும் வேளையில் அது நீரை ஏற்காது. ஏற்காத நீர் எங்கே நிற்கும்? ஊர்ப்பெயர்களைக் கேளுங்கள்: குப்பம், பாக்கம், வாயல். நீரோரத்து ஊர்கள் என்று அவை தம் பெயராலேயே அறிவித்துக்கொண்டிருக்கின்றன. நாம் அவற்றின்மேல் 'நகர்' என்ற சொல்லை ஒட்டினோம். நகர் என்றவுடன் நீர் விலகிவிடும் என்று எண்ணினோம் போலும்.

அவ்வாண்டு எண்ணூர் மக்களுக்கு வந்தது நீர் மட்டும் அன்று. மணலித் தொழிற்பகுதியிலிருந்து வெள்ளத்தோடு கலந்து வந்த கச்சா எண்ணெய் கழிமுகம் முழுவதும் படிந்தது. மீனவர் படகும் வலையும் கருமை பூசிக் கிடந்தன. பசுமைத் தீர்ப்பாயம் தானே முன்வந்து அவ்வழக்கை எடுத்துக்கொண்டது. வீட்டுச் சுவரில் நீர் நின்ற அளவைக் கறுப்புக்கோடாக அவர்கள் காட்டினார்கள். நம் சுவர்க் கறையை வண்ணத்தால் மறைக்கலாம். அவர்கள் கோடு வண்ணத்தையும் மீறித் தெரிகின்றது.

அந்நாட்களில் நான் கண்டது ஒன்றைச் சொல்ல வேண்டும். எங்கள் தெருவில் 4ஆம் நாள் இரவு நீர் இடுப்பளவு. மின்சாரம் இல்லை. நம் வட்டத்தின் நூல்கள் இருந்த பால்பண்ணைப் பக்கத்துக் கீழ்த்தள அறைக்குள் நீர் புகுந்துவிட்டதைக் கேள்வியுற்றும் எவரும் செல்ல முடியவில்லை. எட்டாண்டுப் பதிவேடும், 'வெள்ளம்' என்ற ஒற்றைச் சொல் எழுதிய அந்தப் பக்கமும் அங்கேதான் இருந்தன; வெள்ளத்திலேயே போயின. கைப்பேசி அணையும் தறுவாயில் ஓர் அறிவிப்பு வந்தது. ஏரியிலிருந்து உபரிநீர் திறக்கப்படுவதாகவும், தாழ்வான பகுதிகளில் வசிப்போர் பாதுகாப்பான இடங்களுக்குச் செல்லுமாறும் அதில் கண்டிருந்தது. நீருக்குள் நின்றுகொண்டு அதைப் படித்தேன். பக்கத்து வீட்டு அம்மையார், "நாம தாழ்வான பகுதியா டீச்சர்?" என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. முப்பது ஆண்டுகளாகத் தமிழ் படித்தவள், நாற்பது சொற்களுக்குள் அடங்கிய தமிழ் அறிவிப்பு ஒன்றுக்குப் பொருள் சொல்ல முடியாமல் நின்றேன்.

சற்று நேரத்தில் புழல் கரை உடைந்துவிட்டது என்று எவரோ கூவிக்கொண்டு ஓடினார்கள். தெருவே அலறிற்று. அது வதந்தி, கரை உடையவில்லை. ஆனால் அச்சத்தில் மாடிப்படியில் விழுந்து கை முறிந்த ஒரு முதியவர் எங்கள் தெருவில் இருக்கின்றார். அறிவிப்பு பேசாத இடத்தில் வதந்தி பேசும்.

அவ்வறிவிப்பின் மொழியை இலக்கண மாணவி போல் பகுத்துப் பார்த்தேன். 'திறக்கப்படும்': செயப்பாட்டுவினை, திறப்பவர் யார் என்பது மறைந்தது. 'உபரிநீர்': மேல் என்று பொருள்படும் வடசொல்லடியாகப் பிறந்தது, யாருக்கு மிகுதி? ஏரிக்கு மிகுதி, எங்களுக்கு அது வீட்டின் உள்ளே வரும் நீர். 'தாழ்வான பகுதி': எதனினும் தாழ்வு? 'பாதுகாப்பான இடம்': எது? 'விநாடிக்கு இத்தனை கனஅடி': ஒரு கனஅடி 28 லிட்டருக்குச் சற்று மிகுதி என்று எத்தனை பேர் அறிவர்? பன்னிரண்டாயிரம் லிட்டர்த் தண்ணீர் லாரியை நாம் அனைவரும் அறிவோம். விநாடிக்கு 1,000 கனஅடி என்றால், கண் இமைக்கும் நேரத்தில் அத்தகைய லாரிகள் இரண்டுக்கு மேல் தெருமுனையில் கவிழ்க்கப்படுவதற்குச் சமம். 2015இல் செம்பரம்பாக்கத்திலிருந்து அடையாற்றுக்கு வந்தது விநாடிக்கு அறுபத்தெட்டு லாரி. இவ்வாறு சொன்னால் எங்கள் பக்கத்து வீட்டு அம்மையார் வினவ மாட்டார், பெட்டியைத் தூக்கியிருப்பார்.

'இன்று இரவு பத்து மணிக்கு வடபெரும்பாக்கம் பாலத்தின்மேல் நீர் ஏறக்கூடும்; பதினொரு மணிக்குள் கொசப்பூர்ச் சாலையை நீர் மூடும்; இன்ன பள்ளியின் மேல்தளம் திறந்திருக்கின்றது' என்று ஓர் அறிவிப்பு இருந்தால் எப்படி இருக்கும்? நான் கற்பனையாகச் சொல்கின்றேன். அதற்கு வேண்டிய அளவுக்கருவிகளும் கணினிக் கணக்குகளும் இன்று உண்டு என்றே பொறியாளர்கள் கூறுகின்றார்கள். 2024 டிசம்பரில் பெஞ்சல் புயலின்பொழுது சாத்தனூர் அணையிலிருந்து நள்ளிரவுக்குப்பின் 1,68,000 கனஅடி வரை திறக்கப்பட்டது. பலமுறை எச்சரித்தோம் என்றது அரசு. எங்களுக்கு வந்து சேரவில்லை என்றார்கள் தென்பெண்ணைக் கரை மக்கள். இருவரும் பொய் சொல்லவில்லை என்று கொண்டால், இடையில் தோற்றது எது? மொழிதான் என்று நான் கருதுகின்றேன். அந்த இடத்தில் நமக்கு வேலை இருக்கின்றது.

அரசு ஒன்றும் செய்யவில்லை என்பது என் கருத்தன்று. 2021 வெள்ளத்துக்குப்பின் திருப்புகழ் குழு அமைந்து, 2023இல் இறுதி அறிக்கை தந்தது. கொசத்தலையாற்று வடிநிலத்தில் ஆசிய வளர்ச்சி வங்கிக் கடனுதவியோடு 3,220 கோடி ரூபாயில் 769 கிலோமீட்டர் மழைநீர் வடிகால் திட்டம் வந்தது. நல்லதே. எனினும் வடிகால் தெருவின் மழையைக் கொண்டு செல்லும். ஏரி திறக்கும் ஆற்றை அது தாங்காது. ஆறு நிறைந்திருக்கும்பொழுது வடிகாலின் நீரே திரும்பி வரும். இரண்டும் வேறு வேறு கணக்கு.

மதுராந்தகத்து ஏரி காத்த இராமரின் கதை நீங்கள் அறிந்ததே. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில், ஏரி உடையும் இரவிலே, பிளேசு என்னும் ஆங்கிலேய ஆட்சியர் கரைக்குச் சென்றபொழுது வில்லேந்திய இருவர் கரைமேல் காவல் நிற்கக் கண்டார் என்பது வழக்கு. பக்தியோடு கேட்டு வளர்ந்தேன். இப்பொழுது வேறொன்று தோன்றுகின்றது: மாவட்ட ஆட்சியர் அந்த மழையில் கரைக்கு வந்திருக்கின்றார். கதையில் எனக்கு வியப்பூட்டும் பகுதி அதுவாகிவிட்டது. அன்றிரவு களிமண்ணும் வைக்கோலும் சுமந்த கம்புகட்டிகளைப் பற்றிக் கதை ஒன்றும் சொல்லவில்லை.

செயற்குழுவினர்க்கு ஒரு வேண்டுகோள். பதினோராம் ஆண்டின் பணியாக, மாதவரம் முதல் எண்ணூர் வரையுள்ள நீர்வழிகளின் பழம்பெயர்களைத் திரட்டுவோம். எந்தத் தெரு எந்த வாய்க்காலின்மேல் நிற்கின்றது, எந்தக் குளத்தை எந்தப் பெயரால் பாட்டிமார் அழைத்தனர், 2015இலும் 2021இலும் 2023இலும் நீர் எந்தப் படி வரை ஏறிற்று என்று வீடுதோறும் கேட்டு எழுதுவோம். இதற்குப் பட்டம் தேவையில்லை, பொறுமை தேவை. லஸ்கராக இருந்த அந்தப் பெரியவர்க்கு எண்பது வயதுக்கு மேலாகின்றது. முதல் ஞாயிறன்று அவரிடம் செல்லலாம் என்று அவர் பெயர்த்தி சொல்லியிருக்கின்றாள். ஒலிப்பதிவுக் கருவி உடையோர் கொண்டு வருக. அவர் கண்பார்வை குறைந்துவிட்டது, செவி இன்னும் நன்றாக இருக்கின்றது.